தேசிங்கும் ஃபேன் ஆர்ட்டும்

சுட்டி டிவியில் தமிழ் பேசிய ஜாக்கி சானை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரையாதவர் நம்மில் உண்டா? அதற்குப் பெயர்தான் ஃபேன் ஆர்ட். ஜப்பானில் ரசிகர்கள் தாங்களே வரைந்த புத்தகங்களை விற்க, 1975-ல் டோக்கியோவில் 'காமிக்கெட்' என்று ஒரு சந்தையே தொடங்கினார்கள்.

நம்ம செஞ்சிக்கு இது பழைய கதைங்க. கப்பப் பாக்கித் தகராறில் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுடன் மோதி, 1714-ல் தேசிங்கு களத்தில் இறந்தார். வயது 22. நம்ம வயசு! ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. காமர்ஸ் கண்ணில் பார்த்தால் சுத்த நஷ்டக் கணக்கு.

ஆனால் கதைப்பாடல்காரர்களுக்கு அவரை அப்படியே விட மனசு வரவில்லை. முரட்டுக் குதிரையை அடக்க வைத்தார்கள். அவருடைய முஸ்லிம் நண்பன் தன் கல்யாணத்தையே விட்டுவிட்டுப் போருக்கு ஓடி வந்ததாகப் பாடினார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். படமும் வந்தது. தேசிங்கு இன்னும் நினைவில் இருப்பது இந்த ரசிகர்களால்தான். அதனால், வரைஞ்சதைக் கிழிச்சுப் போடாதீங்க!