கூடுதல் அமர்வு நாள்களின் நடப்புச் செலவு: மலேசிய நாடாளுமன்றம்

சட்டமியற்றும் அவையொன்று முன்கூட்டியே வகுத்த நாட்காட்டிக்கு மேல் ஒரு நாள் கூடினால் புதிதாக எழும் செலவே கூடுதல் அமர்வு நாளின் நடப்புச் செலவாகும். அவை கூடினாலும் கூடாவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய மாதப்படி, நிரந்தர ஊழியர் சம்பளம், கட்டடப் பராமரிப்பு ஆகியவை இதில் சேரா. பொது விவாதங்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இந்தியாவில் 2012இல் நாடாளுமன்ற விவகார அமைச்சராக இருந்த பவன் குமார் பன்சால் கூறிய 'நிமிடத்துக்கு 2.5 இலட்சம் ரூபாய்' என்பது மொத்தச் செலவை அமர்வு நேரத்தால் வகுக்கும் சராசரிக் கணக்கு. அமர்வு நாள்கள் கூடக்கூடச் சராசரி தானே இறங்கிவிடும் என்பதால், ஒரு நாளைக் கூட்டுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு அது விடை தராது.

கோலாலம்பூரில் 1963 நவம்பரில் திறக்கப்பட்ட கட்டடத்தில் கூடும் மலேசிய நாடாளுமன்றத்தின் மக்களவைக்கு 222 உறுப்பினர்களும் மேலவைக்கு 70 உறுப்பினர்களும் உள்ளனர். 2015 முதல் மக்களவை உறுப்பினரின் மாதப்படி 16,000 ரிங்கிட்; 222 பேருக்கும் சேர்த்து மாதம் 35,52,000 ரிங்கிட் ஆகும் இத்தொகை, அமர்வு நாள்களைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரு காசுகூட மாறாது. மாறுவது நாளொன்றுக்கு 400 ரிங்கிட் என அப்போது உயர்த்தப்பட்ட அமர்வுப்படிதான். எல்லாரும் வந்திருந்து எல்லாரும் பெற்றாலும் அது 88,800 ரிங்கிட்டைத் தாண்டாது. அவை நடத்தக் குறைவெண் வரம்பு 26 பேர் என்பதால் உண்மைத் தொகை அதனினும் தாழ இடமுண்டு.

பயணமும் தங்குமிடமும் வேறு கணக்கு. கிள்ளான் தொகுதி உறுப்பினர் அவை கலைந்ததும் கூட்டரசு நெடுஞ்சாலை வழியே காரில் வீடு திரும்பிவிடலாம். சபாவின் 25, சரவாக்கின் 31, லாபுவானின் 1 ஆகிய 57 தொகுதிகளின் உறுப்பினர்களோ தென்சீனக் கடலைத் தாண்டி விமானத்தில் வர வேண்டியவர்கள். ஆகவே, திங்கள் முதல் வியாழன்வரை நடக்கும் வழக்கமான வாரத்தோடு ஒரு நாளை ஒட்டினால் கூடுவது ஓர் இரவுத் தங்கலே. அதே நாளைத் தனியாகச் சிறப்புக் கூட்டமென அழைத்தால் போகவரப் பயணம் முழுவதும் புதிதாகச் சேரும். கோவிட் பெருந்தொற்றின்போது 2020 மே 18 அன்று மாமன்னர் உரையோடு முடிந்த ஒரு நாள் அமர்வு, ஒரே நாளுக்கு முழுப் பயணம் என்ற இந்த நிலைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. நேரத்தை நீட்டுவது இதற்கு மாற்று: மாலை 5.30க்கு முடிய வேண்டிய அமர்வு, வரவுசெலவுத் திட்டக் காலத்தில் இரவுவரை இழுக்கப்படுவதுண்டு. அப்போது விமானச் சீட்டு மிச்சம். கூடுவது ஊழியரின் மிகைநேரமும் இரவு உணவும், ஹன்சார்ட் எனப்படும் அவைக்குறிப்பை எழுத்தில் கொண்டுவருவோரின் களைப்பும்தான்.

1963ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சேவைச் சட்டம் 1992இல் நீக்கப்பட்டபின் ஊழியர் நியமனத்திலும் நிதியிலும் நாடாளுமன்றம் அரசு நிர்வாகத்தையே சார்ந்திருந்தது. இவற்றில் இழந்த தன்னாட்சியை மீட்கும் புதிய மசோதாவை மக்களவை 2025 மார்ச்சில் நிறைவேற்றியது. ஆனால், தன்னாட்சி பெற்ற நாடாளுமன்றத்தின் கணக்கிலும் பதிவாகாத ஒரு செலவு உண்டு. விவாதத்துக்கு அமைச்சர்கள் பதிலளிக்கும் 'பெங்குலுங்கான்' நாள்களில் அமைச்சு அதிகாரிகள் புத்ராஜெயாவிலிருந்து கோப்புகளோடு வந்து காத்திருக்கின்றனர்; எதிர்பாராத குறுக்குக் கேள்வி எழுந்தால், துண்டுச் சீட்டில் குறித்த எண்ணிக்கை அமைச்சரின் கைக்குப் போகிறது. அமைச்சரின் முறை மறுநாளுக்குத் தள்ளிப்போனால் அதிகாரிகள் மறுபடியும் வருகின்றனர். அந்த வேலைநாள் அந்தந்த அமைச்சின் சம்பளப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.