கூலியற்ற ஓய்வு

பிரசவித்த தொழிலாளிப் பெண்ணுக்கு ஓய்வு மட்டும் போதுமா? சுவிற்சர்லாந்தின் 1877 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பிரசவத்திற்கு முன்னும் பின்னுமாக 8 வாரங்கள் அவள் ஆலையில் வேலை செய்யலாகாதெனத் தடுத்தது. அவ்வாரங்களுக்குரிய கூலியைப் பற்றி அது மூச்சும் விடவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் அடுப்பெரிவது எப்படி?

அயல்நாடான ஜேர்மனியிலோ தடை 3 வாரங்களே. ஆயினும் 1883 ஆம் ஆண்டுச் சுகயீனக் காப்புறுதிச் சட்டம், காப்புறுதி பெற்ற பெண்ணுக்கு அம்மூன்று வாரங்களும் உதவிப்பணம் அளித்தது. சந்தாவில் மூன்றிலிரு பங்கைத் தொழிலாளரே செலுத்தினர். ஆகவே இதனைப் பிஸ்மார்க்கின் கருணையென நாம் கொள்ளோம்.

சுவிற்சர்லாந்தின் அரசியலமைப்பில் பிரசவக் காப்புறுதி 1945 இல் எழுதப்பட்டது, ஏட்டிலேயே கிடந்தது. நாடளாவிய வாக்குரிமை 1971 வரை ஆண்களுக்கு மட்டுமே. அதன் பின்னரும், 1999 இல்கூட, வாக்கெடுப்பில் அது தோற்றது. 2004 இல் வென்று, 2005 யூலையிலேயே நடைமுறைக்கு வந்தது: 14 வாரங்கள், சம்பளத்தில் 80 சதவீதம்.