தார்ப்பாய்க்குள்ள நிக்கிற தாத்தா வண்டிக்கு யார் விலை சொல்றது? ஒரு இன்சூரன்ஸ் வரலாறு

1/
பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்த ஊருக்குள்ள போனாலும், ஏதாவது ஒரு வீட்டுக் கொட்டகைல தார்ப்பாய் போர்த்தி ஒரு பழைய வண்டி நிக்கும். அம்பாசடர், ஃபியட், புல்லட், ஜாவா. பேரன் "இது லட்சக்கணக்குல போகும்"பான். பக்கத்து வீட்டுக்காரர் "பேரீச்சம்பழத்துக்குப் போடு"ம்பார். ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி? அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் எதுக்கு? வாங்க மக்களே, கொஞ்சம் நீளமான இழை இது.

2/
டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்கலாம். அரசு மருத்துவமனை கேசுவால்டில விபத்துக் கேஸ் வந்தா ஏ.ஆர். எழுதுறோம், பிறகு வூண்ட் சர்டிபிகேட் கொடுக்கிறோம், தேவைப்பட்டா ஊன சதவீதம் போடுறோம். அந்தக் காகிதம் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்கே முதல்ல பார்க்கிற விஷயங்கள்ல ஒண்ணு: மோதின வண்டிக்கு அன்னைக்கு பாலிசி உயிரோட இருந்துச்சா?

3/
கதை கடல்ல ஆரம்பிக்குது. நடுக்கடல்ல மூழ்கின கப்பலை மறுபடி எடுத்து வந்து "இது எவ்வளவு பெறும்"னு மதிப்பிட முடியாது. அதனால கிளம்பும் முன்னாடியே கப்பல்காரரும் இன்சூரன்ஸ்காரரும் உட்கார்ந்து ஒரு விலை பேசி எழுதிக்குவாங்க. மூழ்கினா அந்த விலை. பிறகு பேரம் இல்லை. பிரிட்டனில் 1906-ல் வந்த கடல்சார் இன்சூரன்ஸ் சட்டம் இந்த வழக்கத்தை எழுத்தில் வைத்தது. நம் நாட்டில் அதே மாதிரிச் சட்டம் 1963-ல் வந்தது.

4/
இதுக்குப் பேர் "ஒப்புக்கொண்ட மதிப்பு". யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னு நம்ம ஆளுங்க சொல்ற அதே கணக்கு. மோசடி செய்தோ, பொய் சொல்லியோ விலையை ஏத்தியிருந்தா மட்டும்தான் அது செல்லாது. இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. இழை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

5/
மோட்டார் வண்டிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்கல. காரணம் எளிது. கார் மூழ்காது, நசுங்கும். நசுங்கினதைப் பார்த்து மதிப்பிடலாம். தவிர, கார் வருஷா வருஷம் தேயும் பொருள். அதனால "நஷ்டம் நடந்த அன்னைக்கு சந்தையில் என்ன விலையோ அதுதான்" என்பது விதி ஆச்சு. வாங்கின விலை வேற, கிடைக்கிற பணம் வேற. சண்டை அங்கதான் தொடங்குச்சு.

6/
இன்னொரு முக்கியமான விஷயம். நம் நாட்டில் இன்சூரன்ஸைக் கட்டாயம் ஆக்கினப்போ, சட்டம் வண்டியைப் பத்திக் கவலைப்படவே இல்லை. பிரிட்டன் 1930-ல் அடிபடும் மூன்றாம் நபருக்காக இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கென ஓர் அத்தியாயம் வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1946 ஜூலை 1. சுதந்திரத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி!

7/
1956-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, இழப்பீட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தார்கள். சிவில் கோர்ட்டில் வருஷக்கணக்கா அலைய வேண்டாம் என்பது நோக்கம். ஆக, "தேர்ட் பார்ட்டி" என்று நாம் அலட்சியமா சொல்றதுதான் மோட்டார் இன்சூரன்ஸில் சட்டம் கேட்கிற பகுதி. நம்ம வண்டிக்கான "ஃபுல் இன்சூரன்ஸ்" நம்ம விருப்பம்.

8/
1973 ஜனவரி 1-ல் பொதுக் காப்பீடு தேசியமயமானது. 107 கம்பெனிகளைச் சேர்த்து நாலு அரசு நிறுவனங்கள் ஆக்கினார்கள். நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. கட்டணத்துக்கு நாடு முழுக்க ஒரே விலைப்புத்தகம். டெல்லி காருக்கும் குன்னம் காருக்கும் ஒரே விதி.

9/
அந்தப் புத்தகத்தில் பெரிய மாற்றம் 2002-ல் வந்தது. "ஐ.டி.வி." என்று பாலிசியில் பார்ப்பீர்களே, அது அப்போ வந்ததுதான். கம்பெனி விற்கும் விலையில் இருந்து வண்டி வயசுக்கு ஏற்ப தேய்மானம் கழிப்பார்கள். 6 மாதம் வரை 5%. ஒரு வருஷம் வரை 15%. 2 வருஷம் வரை 20%. பிறகு 30%, 40%. 4 முதல் 5 வருஷத்துக்கு 50%. அதோட அட்டவணை முடிஞ்சுது.

10/
அஞ்சு வருஷம் தாண்டினா? இருவரும் பேசி முடிவு செய்யலாம்னு ஒரே வரி. அம்பது வருஷ வண்டிக்கும் அதே வரிதான். நடைமுறையில் யாரும் பேசுறது இல்லை. கம்ப்யூட்டர்ல வர்ற ஒரு சின்னத் தொகையை அடிச்சுக் கொடுப்பாங்க, நாமும் பிரீமியம் குறைஞ்சுதுன்னு சந்தோஷமா வாங்கிட்டு வருவோம்.

11/
அந்தச் சந்தோஷம் எவ்வளவு ஆபத்துன்னு ஒரு கணக்கு போடுவோம். ஐ.டி.வி. 40,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75% தாண்டினா வண்டி "முழு நஷ்டம்". அதாவது 30,000. பழைய அம்பாசடருக்கு ஒரு பக்க மட்கார்டு, பானட், கிரில், டிங்கரிங், பெயின்ட் போட்டாலே அதைத் தாண்டிடும். ஓடக்கூடிய வண்டி காகிதத்தில் செத்துப்போயிடும். கைக்கு வர்றது அதிகபட்சம் அந்த 40,000.

12/
முழு நஷ்டம் ஆகலைன்னாலும் முழுப் பணம் வராது. 10 வயசு தாண்டின வண்டியின் இரும்புப் பாகத்துக்கு 50% கழிவு. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் 50%. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. பழைய பாகம் தேடி ஊர் ஊரா அலைஞ்சு அதிக விலைக்கு வாங்கினாலும் கணக்கு இதேதான்.

13/
2002 புத்தகத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. "விண்டேஜ் கார்" என்றால் கப்பல் மாதிரி ஒப்புக்கொண்ட மதிப்பு வெச்சுக்கலாம். யார் விண்டேஜ்? 1940 டிசம்பர் 31-க்கு முன்னாடி செஞ்ச கார். அதுக்கு விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா சான்று கொடுக்கணும்.

14/
இந்த மாதிரிக் கோடு பிரிட்டனில் இருந்து வந்த பழக்கம். அங்கே 1934-ல் தொடங்கின விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1930-க்குப் பிறகு வந்தது விண்டேஜ் இல்லைன்னு கோடு போட்டது. நாம் பத்து வருஷம் தள்ளிப் போட்டோம். ஆனா 1940-க்கு முன்னாடி நம்ம ஊர்ல கார் யார் வெச்சிருந்தா? ஜமீன், மிராசு, பெரிய வக்கீல், வெள்ளைக்கார அதிகாரி. எல்லாம் கப்பல்ல வந்த கார்.

15/
நம்ம மாதிரி ஆளுங்க வீட்டுக்கு வண்டி வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1955-ல் மெட்ராஸில் புல்லட். 1950-களின் கடைசியில் அம்பாசடர். 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஜாவா, சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நம்ம தாத்தா, அப்பா கனவு கண்ட வண்டி எல்லாமே அந்த 1940 கோட்டுக்கு இந்தப் பக்கம். அதாவது சட்டப்படி வெறும் "பழைய வண்டி". ஜமீன் காருக்கு ஒப்புக்கொண்ட மதிப்பு, வாத்தியார் புல்லட்டுக்குத் தேய்மானம்!

16/
இது மாற இருபது வருஷம் ஆச்சு. 2007-ல் சொந்த வண்டி இன்சூரன்ஸ் கட்டணத்தைக் கம்பெனிகள் கையில் விட்டார்கள். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் புதுத் திருத்தம். 50 வருஷம் தாண்டிய இருசக்கர, நாலு சக்கர வண்டி, அசல் நிலையில் இருந்தா விண்டேஜ். நிலையான வருஷக் கோடு போய், வருஷா வருஷம் நகரும் கோடு வந்தது. இப்போ நம்ம புல்லட்டும் உள்ள வந்துடுச்சு.

17/
புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருஷம் செல்லும். புதுசா பதிஞ்சா நம்பரில் "வி.ஏ." எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வெச்சுக்கலாம். ஆனா தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு மட்டும். விண்ணப்பத்தோடு பாலிசியும் வேணும்.

18/
நம்ம மாவட்டத்துக்காரங்க கவனிக்க: 1995 வரை பெரம்பலூர், அரியலூர் ரெண்டுமே திருச்சி மாவட்டம். அரியலூர் 2001-ல் தனி மாவட்டம், 2002-ல் மறுபடி பெரம்பலூரோட, 2007-ல் மறுபடி தனி. டி.என்.46, டி.என்.61 எல்லாம் நேத்து வந்த நம்பர். எம்.டி., எம்.எஸ்.னு தொடங்கும் பழைய நம்பர் வண்டியின் மூலப் பதிவு திருச்சியில் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஆர்.சி. புக்கைக் கரையான் தின்ன விடாதீங்க. வண்டியோட பிறப்புச் சான்றிதழே அதுதான்.

19/
அடுத்து மதிப்பீடு. எங்க வேலையில் வயசு நிர்ணயம்னு ஒண்ணு உண்டு. சான்றிதழ் இல்லாத ஆளை போலீஸ் கூட்டிட்டு வந்தா, பல்லைப் பார்ப்போம், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு எக்ஸ்ரே எடுத்து எலும்பு எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பார்ப்போம். வெளித்தோற்றத்தை நம்ப மாட்டோம். வண்டிக்கும் அதே முறைதான். பளபள பெயின்ட் சாட்சி இல்லை. சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர், ஆர்.சி. மூணும் ஒத்துப்போகணும்.

20/
இங்கதான் பலருக்கு அடி. ஒரு காலத்துல பெட்ரோல் விலைக்குப் பயந்து அம்பாசடர்ல டீசல் என்ஜின் மாத்துறது சர்வ சாதாரணம். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருந்தா 2021 விதிப்படி அது விண்டேஜ் இல்லை. சாத்தனூர் கல்மரம் 12 கோடி வருஷத்துது, 18 மீட்டர் நீளம். அதுல சிமென்ட் வெச்சு இன்னும் ரெண்டு மீட்டர் நீட்டினா மதிப்பு கூடுமா குறையுமா? அவ்வளவுதான் விஷயம்.

21/
சரி, இப்போ நான் இந்த இழையை எழுதினதுக்கான காரணம். ஒரே விபத்தில் ரெண்டு மதிப்பீடு நடக்குது. வண்டிக்கு சர்வேயர் விலை போடுறார். மனுஷனுக்குத் தீர்ப்பாயம் போடுது. 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அட்டவணையை உறுதி செய்தது. இறந்தவரின் வருட வருமானத்தில் சொந்தச் செலவைக் கழித்து, வயசுக்கு ஏற்ற எண்ணால் பெருக்கணும். 21-25 வயசுக்கு 18. 46-50 வயசுக்கு 13. 65 தாண்டினா 5.

22/
கவனிச்சீங்களா? சட்டக் கணக்கில் மனுஷனுக்கும் தேய்மானம் உண்டு. அம்பது வருஷத்துல வண்டி விண்டேஜ் ஆகி விலை ஏறுது. அம்பது வயசு கூலித் தொழிலாளிக்குப் பெருக்கல் எண் இறங்குது. ஆனா ஒரு வித்தியாசம். வண்டிக்கு ஐ.டி.வி. என்ற உச்சவரம்பு இருக்கு. செல்லுபடியாகும் தேர்ட் பார்ட்டி பாலிசி இருந்தா, அடிபட்ட மனுஷனின் உயிருக்கும் உடலுக்கும் தீர்ப்பாயம் சொல்ற தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. 1946-ல் இருந்து கட்டாயமா இருக்கிற பகுதி அதுதான்.

23/
பாலிசி இல்லைன்னா? அந்தத் தொகை முழுக்க வண்டி ஓனர் தலையில். காடு, வீடு ஜப்திக்கு வரும். அடிபட்டவர் குடும்பத்துக்கும் கைக்குப் பணம் சீக்கிரம் வராது. இன்னொண்ணு: இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினா, போதிய ஜாமீன் தொகை கட்டாமல் விடுவிக்கக் கூடாது, கெடு முடிஞ்சா ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டணும்னு விதி கொண்டுவரச் சொல்லி 2018-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தாத்தா வண்டி ஏலத்துக்குப் போறதை யோசிச்சுப் பாருங்க.

24/
"சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்கு?" கொட்டகைக்குள்ள நிக்கிற வரை சட்டம் கேக்காது. பொது இடத்துக்கு வந்த நிமிஷம் கேக்கும். ஆயுத பூஜைக்குக் கழுவி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு போறோமே, அது பொது இடம்தான். வருஷம் பூரா நின்ன வண்டிக்கு பிரேக் எப்படிப் பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

25/
செலவு எவ்வளவு? 2022-ல் மத்திய அரசு அறிவித்த கட்டணப்படி, 1000-லிருந்து 1500 சி.சி. வரையான தனியார் காருக்கு வருஷத்துக்கு 3,416 ரூபாய், வரி தனி. 1489 சி.சி. அம்பாசடர் இதுக்குள்ள வரும். விண்டேஜ் காராகப் பதிஞ்சிருந்தா அதே அறிவிப்பில் 50% தள்ளுபடி, அதாவது 1,708. 346 சி.சி. புல்லட்டுக்கு 1,366. தள்ளுபடி காருக்குத்தான், பைக்குக்கு இல்லை.

26/
சுருக்கமா செய்ய வேண்டியது:
• முதல்ல தேர்ட் பார்ட்டி. வண்டி எத்தனை பழசா இருந்தாலும்.
• ஆர்.சி., பழைய பில், சேசிஸ்-என்ஜின் நம்பர் போட்டோ, நாலு பக்கப் போட்டோ, எல்லாம் ஒரே ஃபைலில்.
• சொந்த வண்டிக்கும் பாலிசி வேணும்னா, உரிமம் பெற்ற சர்வேயர்கிட்ட மதிப்பீட்டு அறிக்கை வாங்கி, ஐ.டி.வி.யைப் பேசி எழுத வையுங்க. ஒப்புக்கொண்ட மதிப்பு தர்றாங்களான்னு கேளுங்க. வாய்ப்பேச்சு செல்லாது, பாலிசியில் எழுத்தா வரணும்.
• என்ஜின் மாத்தியிருந்தா மறைக்காம சொல்லுங்க. மறைச்சா கிளெய்ம்ல மாட்டும்.

27/
வண்டிக்கு லட்சமா, பேரீச்சம்பழமான்னு பேரனும் பக்கத்து வீட்டுக்காரரும் இன்னும் பத்து வருஷம் கூட சண்டை போடட்டும், ஒண்ணும் குடிமுழுகாது. பாலிசி தேதி மட்டும் தள்ளிப்போடுற விஷயம் இல்லை. இந்த வருஷம் பூஜைக்குத் தார்ப்பாயை எடுக்கிறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பாருங்க. வீட்ல பழைய வண்டி வெச்சிருக்கிற யாராவது தெரிஞ்சா அவங்களுக்கும் அனுப்புங்க மக்களே.