பால்மானியும் 15 டிகிரியும்

போன வாரம் பேரன் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டு வந்தான். வீட்டில் செய்து பார்த்து எழுதி வரவேண்டிய சோதனைகளாம். உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிடுவது ஒன்று; சூடான தண்ணீர் ஆறுவதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வைப்பது ஒன்று. அடர்த்தி, குளிர்தல் என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்கு 1965-ஆம் வருஷமும், எங்கள் வீட்டுத் திண்ணையோரம் பித்தளைச் செம்போடு நின்ற பால்கார ஆயாவும் நினைவுக்கு வந்தார்கள்.

அந்தக் காலத்துப் புதுச்சேரி உங்களில் பலருக்குத் தெரியும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கை மாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் முடிந்தது. இரண்டுக்கும் நடுவிலும் பிறகும் எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. போகும்போது சாமான்களை ஏலத்தில் விடுவார்கள். அப்படி ஒரு ஏலத்தில் அப்பா ஓர் அலமாரி எடுத்தார். அதன் இழுப்பறையில் நீளமான அட்டைப்பெட்டி ஒன்று. உள்ளே பஞ்சில் பொதிந்து ஒரு கண்ணாடிக் கருவி. அடியில் குண்டு, அதற்குள் ஈயக் குண்டுமணிகள், மேலே பென்சிலைவிட மெலிந்த தண்டு, தண்டுக்குள் சுருட்டி வைத்த அளவுத்தாள். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம்.

அப்பா கடையில் கணக்கு எழுதியவர். தமிழில் கம்பீரமாக எழுதுவார், பிரெஞ்சு தெரியாது. வீட்டில் பிரெஞ்சு படித்தவன் நான் ஒருவன்தான். காத்ரியேம் வகுப்பு, வயது பதினாலு. பெட்டியிலிருந்த தாளை உரக்கப் படித்து, 'இது பேஸ்-லே, பாலை நிறுக்கிற கருவி' என்று அறிவித்தேன். அன்று என் தலைக்கனத்தை நிறுக்க ஒரு கருவி இருந்திருந்தால் அது உடைந்திருக்கும்.

கருவியின் சூட்சுமம் சின்னது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான திரவத்தை ஒதுக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் காலத்திலிருந்து தெரிந்ததுதான். திரவம் கனமானால் கொஞ்சம் ஒதுக்கினால் போதும், கருவி உயர்ந்து நிற்கும். லேசானால் ஆழமாக இறங்கும். தண்டு மெலிந்திருப்பதால் சிறிய வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருந்த கெவென் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் இதைப் பாலுக்கென்று அமைத்தார். தண்ணீர் 1 என்றால் நல்ல பசும்பால் 1.029-லிருந்து 1.033 வரை கனம். அந்தக் கடைசி இரண்டு இலக்கங்களைத்தான் 29, 33 என்று தண்டில் போட்டிருப்பார்கள். மஞ்சள் பக்கம் ஆடை எடுக்காத பாலுக்கு, நீலம் ஆடை எடுத்ததற்கு. மஞ்சளில் 29-க்குக் கீழே 26 வரை 'பத்தில் ஒரு பங்கு தண்ணீர்', அதற்கும் கீழே 'பத்தில் இரண்டு' என்று அளவுத்தாளிலேயே தீர்ப்பு எழுதியிருக்கும்.

மறுநாள் காலை ஆயா வந்தார். இரண்டு தெரு தள்ளி அவர் வீட்டுக் கொட்டிலில் கறந்து, நுரை அடங்குமுன் எங்கள் வாசலுக்குக் கொண்டு வந்துவிடுவார். செம்பிலிருந்து ஒரு உயரமான டம்ளரில் ஊற்றி, கருவியை இறக்கினேன். அது ஆடி நின்றது. 27.

'பத்தில் ஒரு பங்கு தண்ணீர்' என்றேன்.

அப்பா கணக்கில் கறார். அந்த மாதப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக் கொடுத்தார். ஆயா சில்லறையை எண்ணிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: 'அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு எம்மாட்டைத் தெரியுமா தம்பி?' நான் பிரெஞ்சுத் தாளைக் காட்டினேன். அவருக்குத் தமிழே எழுதப் படிக்கத் தெரியாது. அதன் பிறகு அவர் வரவில்லை.

இங்கே கதையை நிறுத்திவிட்டு இந்தக் கண்ணாடிக் குழாயின் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊருக்கும் அதற்கும் உறவு உண்டு.

முதலில் அந்துவான் போமே. அவரும் மருந்தாளுநர்தான். 1768-இல் அவர் செய்த திரவமானியில் சுத்தமான தண்ணீர் 0 டிகிரி. 85 பங்கு தண்ணீரில் 15 பங்கு உப்புக் கரைத்தால் 15 டிகிரி. உப்பை வைத்தே பிறந்த அளவு என்பதாலோ என்னவோ, உப்பளத் தொழிலில் இன்றைக்கும் அவர் பெயர் அழியவில்லை. கடல்நீர் போமே கணக்கில் மூன்று, மூன்றரை டிகிரி. பாத்தி மாற்றி மாற்றி வெயிலில் வற்றவிட்டு, 25 டிகிரி வாக்கில் வந்ததும் உப்பு பூக்க ஆரம்பிக்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசப்பு ஏறிவிடும். அதற்கு முன் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். மரக்காணம் பக்கம் போகிறவர்கள் பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊரிலேயே உப்பளம் என்று பேட்டை இருக்கிறது, பெயரே போதும்.

விதைநெல் தேறவைக்கும் முறையும் இதே கதைதான். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து முட்டையைப் போட்டால், மேலே பழைய நாலணா அகலத்துக்குத் தலைகாட்டி மிதக்கும். அந்தக் கரைசலில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், கனத்த விதை தங்கும். விதையை நல்ல தண்ணீரில் அலசி விதைப்பார்கள். போமே கணக்கில் இது சுமார் 13 டிகிரி. உழவருக்குக் கண்ணாடிக் குழாய் எதற்கு? கோழி கொடுத்த திரவமானி இருக்கிறதே.

அடுத்தவர் கே-லுசாக். 1824-இல் அவர் சாராயத்துக்கு அளவு வகுத்தார். நூறு பங்கில் ஆல்கஹால் எத்தனை பங்கோ அத்தனை டிகிரி. நம் ஊர் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிரெஞ்சுச் சீசாவில் 40 டிகிரி என்றால் என்ன என்று பள்ளிக்கூடம் போகாதவர்களும் சொல்வார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயர் 'புரூஃப்' என்று வேறு கணக்குப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது என் பாரபட்சமான கருத்து.

டிகிரி காபி என்ற பெயரும் பால்மானியில் டிகிரி பார்த்து வாங்கிய பாலால் வந்தது என்று கும்பகோணத்துப் பக்கம் சொல்வார்கள். சிக்கரியின் திரிபு என்பாரும் உண்டு. நான் பால் கட்சி.

இந்தக் கருவிகளில் பலவற்றுக்கு ஒரு பொது நிபந்தனை உண்டு. கே-லுசாக்கின் தண்டிலும் கெவெனின் தண்டிலும் '15 டிகிரியில்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். இந்த டிகிரி வெப்பநிலையைச் சொல்வது. திரவம் சூடானால் விரியும், விரிந்தால் லேசாகும், கருவி ஆழமாக இறங்கும். ஆகவே எந்தச் சூட்டில் பார்த்தோம் என்று சொல்லாமல் அடர்த்தி சொல்வது அரைப் பேச்சு. 15 என்பது பாரிஸில் ஒரு சாதாரண அறைச் சூடு. புதுச்சேரியில் மார்கழிப் பனியிலும் 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். கறந்த பாலோ மாட்டின் உடம்புச் சூட்டோடு இருக்கும். பாரிஸ் கருவியை நம்பி நம் ஊர் வானிலையிடம் ஏமாந்த முதல் ஆள் நானல்ல. சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க இங்கே வந்து காத்திருந்த வானியலாளர் லெ ஜான்தி, 1769 ஜூனில் அந்த நேரம் பார்த்து மேகம் மூடி, ஒன்றும் காணாமல் திரும்பினார். அவருக்காவது மேகம். எனக்கு வெறும் அவசரம்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் பௌதிக முசியே. ஆயா நின்றுபோன மூன்றாவது வாரம், வகுப்பில் குளிர்தல் பாடம். ஒரு டம்ளர் தண்ணீரை 80 டிகிரிக்குச் சுடவைத்து மேசைமேல் வைத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவராகப் போய் வெப்பமானியைப் படித்துக் கரும்பலகையில் எழுத வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் பத்து டிகிரி போல இறங்கியது. 40-க்கு வந்தபின் ஐந்து நிமிடத்துக்கு இரண்டு டிகிரி இறங்குவதே பெரும்பாடு. சுற்றியிருக்கும் காற்றைவிட எவ்வளவு சூடோ அந்த அளவுக்கு வேகமாக ஆறும் என்று நியூட்டன் 1701-இல் எழுதியது இதுதான் என்றார். அறைச் சூட்டுக்குக் கீழே தானாக இறங்காது, அதற்கு வேறு வழி வேண்டும் என்றும் சொன்னார்.

வேறு வழியும் காட்டினார். தன் வீட்டு மாட்டில் தானே கறந்த பாலை ஒரு செம்பில் கொண்டு வந்திருந்தார். கையில் என் வீட்டிலிருந்தது போலவே ஒரு பேஸ்-லே! பால் 35 டிகிரியில் இருந்தபோது கருவி 27 காட்டியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. செம்பின்மேல் ஈரத்துணி சுற்றி ஜன்னலில் வைத்தார். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும், அதைச் செம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும், மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதனால்தான் என்று விளக்கினார். கடற்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நம் ஊரில் பானை அவ்வளவாகக் குளிராது, உள்நாட்டில் இன்னும் குளிரும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பால் 26 டிகிரிக்கு வந்தபோது கருவி 29-ஐ நெருங்கியது. பிறகு மரத்தூளில் பொதிந்த ஐஸ்கட்டி வாங்கிவரச் சொல்லி, செம்பை அதில் வைத்தார். 15 டிகிரி. கருவி 31-இல் நின்றது. அதே பால், ஒரு சொட்டு கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

ஐஸ் இல்லாவிட்டால் கணக்குப் போடலாம். 15-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூட்ட வேண்டும். 35-க்கும் 15-க்கும் வித்தியாசம் 20, அதற்கு 4, 27-உம் 4-உம் 31. அப்போதுதான் கறந்த பாலில் நுண்ணிய காற்றுக் குமிழிகளும் இருக்கும், அதனாலும் அளவு குறையும், ஆகவே சில மணி நேரம் விட்டுப் பார்ப்பதே முறை என்றார். இன்னொன்றும் சொன்னார்: ஆடை எடுத்த பால் கனம் கூடி 36 வரை காட்டும், அதில் தண்ணீர் விட்டால் மறுபடி 31-க்கு வந்துவிடும். தெரிந்து ஏமாற்றுகிறவன் இந்தக் கருவியிடம் தப்பித்துவிடுவான்.

வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தேன். தாளின் பின்பக்கம் முழுவதும் திருத்த அட்டவணை. முன்பக்கத்தை மட்டும் உரக்கப் படித்தவன் நான். சாப்பாடு முடிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்து அந்த மாதப் பக்கத்தைப் புரட்டி, கழித்த தொகையைச் சிவப்பு மையில் திரும்ப எழுதி, பணத்தை என் கையில் கொடுத்து, 'நீயே போய்ச் சொல்லிட்டு வா' என்றார்.

ஆயா கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நான் 15 டிகிரி, 35 டிகிரி என்று என்னவோ உளறினேன். கையைக் கழுவிவிட்டு வந்து பணத்தை வாங்கி எண்ணி முடிந்துகொண்டார். 'நாளையிலேருந்து பால் கொண்டு வாங்க ஆயா' என்றேன். 'உங்க வீட்டுப் பாலு இப்ப வேற வீட்டுக்குப் போவுதுப்பா' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாசலில் கட்டியிருந்த மாடு என்னைப் பார்த்துக்கொண்டு அசைபோட்டது.

அரசு வேலைக்குப் போன பிறகு, எழுபதுகளின் கடைசியில், ஒரு விடுதிக்குப் பால் வாங்கும் பதிவேடு என் மேசைக்கு வந்தது. தேதி, அளவு, பால்மானி எண், பிடித்தம் என்று நான்கு பத்தி. அளவு குறைந்த நாளெல்லாம் பால்காரருக்குப் பிடித்தம். வெப்பநிலைக்குப் பத்தி இல்லை. குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். 'எழுத்தர் எழுத்தர் வேலையைப் பார்க்கவும்' என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. புதுப் பதிவேடு தைத்து வந்தபோது, ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு பத்தியைக் கோடு போட்டுக் கொடுத்தேன். காலிப் பத்தியைப் பார்த்தால் நிரப்பாமல் இருக்க அரசு ஊழியரால் முடியாது. வெப்பமானி ஒன்று வாங்கினார்கள்.

இப்போது நம் நாட்டுத் தர அமைப்பின் பால்மானி 27 டிகிரிக்கு அளவிடப்பட்டது. நம் ஊருக்கு ஏற்ற எண். ஆனால் என் பெட்டியிலிருப்பது பழைய கெவென்தான், இன்னும் உடையவில்லை. பேரனிடம் முட்டைச் சோதனையோடு இதையும் எழுதிக்கொண்டு போகச் சொன்னேன். பான்லே பாக்கெட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து டம்ளரில் ஊற்றினோம். வெப்பமானி 6 காட்டியது. அவனுக்கு உடனே கருவியை இறக்கிப் பார்க்க வேண்டும். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

'இன்னும் எவ்வளவு நேரம் தாத்தா?'

'15 வரட்டும்டா.'

அன்று ஐஸ் தேடினோம், இன்று சூடாகக் காத்திருக்கிறோம். 11-க்கு வந்திருக்கிறது. அவன் வெப்பமானியையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.