முப்பது நொடியும் தொண்ணூறு நிமிடமும்

பொங்கல் முடிந்த வாரம் தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் கபடிப் போட்டி. கேழ்வரகு அறுத்த கொல்லையைச் சமன்செய்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் இரண்டு ஆட்டத்துக்கு நடுவே கைபேசியில் ஐரோப்பியக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதை எட்டிப் பார்த்த ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஏண்ணா, பதினொரு பேரு ஒன்றரை மணி நேரம் ஓடி ஒரு கோல் போடறாங்க. பாதி நேரம் பந்த அடுத்தவன்கிட்டதான் குடுக்கறாங்க. நம்ம பையன் முப்பது செகண்டுல மூணு பேரத் தொட்டுட்டு வந்துடறான். எது திறமைன்னு நீங்களே சொல்லுங்க.”

அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. கால்பந்து வீரர்களின் சம்பளத்தைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோருக்குள்ளும் இது இருக்கிறது. சம்பளம் சந்தை பார்த்து வருவது; அதை ஒதுக்கிவிடுவோம். திறமையை மட்டும் எடுத்துக்கொண்டால், தொழிலாகவே கால்பந்து ஆடுகிறவர், தொழிலாகவே கபடி ஆடுகிறவருக்கு இணையா?

முதலில் அன்று பார்த்த ஒரு ரைடைச் சொல்கிறேன். கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆறரை மீட்டர் ஆழத்துக்குள் ஏழு பேர். பாட்டு அறுபடக் கூடாது. பாடிப் போன பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். கண் இடது கார்னரில் நிற்பவனைப் பார்க்கிறது. உடம்பு வலப்பக்கம் நகர்கிறது. முன்னால் நீட்டிய காலில் எடையே இல்லை, பெருவிரல் மண்ணைத் தடவிக்கொண்டிருக்கிறது. எடை முழுக்கப் பின்காலில். வலது கார்னரில் இருந்தவன் அந்த முன்காலை நம்பிக் கணுக்காலுக்குக் குனிந்தான். குனிந்த நொடியில் கால் அங்கே இல்லை. திரும்பி, குதிகாலால் அவன் தோளைத் தொட்டுவிட்டு, மூன்றே எட்டில் பையன் கோட்டைத் தாண்டிவிட்டான்.

அந்தப் பையன் செய்தது, உடம்பால் ஒரு பொய் சொன்னது. எதிராளி நம்பினான். கபடியின் சாரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி ஒரு கால்பந்துக் காட்சி. 2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தா, டூரண்ட் கோப்பை. மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால். சென்னைக்காரரான நந்தகுமார் சேகர் வலப்பக்க ஓரத்தில் பந்தோடு வருகிறார். தடுக்க வந்தவருக்கு முன்னால் ஒரு கணம் தயங்குவதுபோல் தோள் அசைகிறது. தடுப்பவரின் கால் தப்பான பக்கம் ஊன்றிவிடுகிறது. நந்தகுமார் உள்ளே வெட்டி, வளைத்து ஒரு அடி. அந்த ஒரே கோலில், நாலரை ஆண்டுகளாக மோகன் பகானை வெல்ல முடியாமல் தவித்த ஈஸ்ட் பெங்கால் வென்றது.

பென்னாகரத்துப் பையன் காலால் சொன்ன அதே பொய்தான். ஆனால் ரைடருக்குத் தொட்டுத் திரும்பினால் போதும்; விரல் நுனி பட்டாலும் புள்ளி. நந்தகுமாருக்கு ஆளை ஏமாற்றியதோடு வேலை முடியவில்லை. ஏமாற்றும்போதும் பந்து கூடவே வர வேண்டும். அதன்பின் 7.32 மீட்டர் அகலமுள்ள கம்பங்களுக்கு நடுவே, கோல்கீப்பரின் கைக்கு எட்டாத மூலையில் அது போய் விழ வேண்டும். பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. கை எதையும் பற்றும், கால் பற்றாது. நடப்பதற்காகவே அமைந்த உறுப்பை வைத்து எழுத்து எழுதச் சொல்வது போன்ற வேலை இது. பந்து அடிக்கடி எதிராளியிடம் போவதற்கும் இதுதான் காரணம். அதோடு, அதைப் பறிப்பதற்காகவே பதினொரு பேர் களத்தில் இருக்கிறார்கள்.

பந்தில் துல்லியம் என்றதும் நமக்கு நினைவு வருவது கிரிக்கெட்; அதனால் அதை இங்கே ஒரு நிமிடம் உள்ளே விட வேண்டியிருக்கிறது. நமக்கு அடுத்த சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், 2020 நவம்பரில் அபுதாபியில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கரை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தத் துல்லியம் எந்தக் கால்பந்து வீரரின் பாஸிலும் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடராஜன் ஓடத் தொடங்கும்வரை பந்து அவர் கையில் பத்திரமாக இருக்கிறது. கையைத் தட்டிவிட யாரும் வருவதில்லை. கால்பந்தில் அப்படிப்பட்ட அமைதி பெனால்டி, ஃப்ரீ கிக் போல ஆட்டம் நின்று தொடங்கும் நேரங்களில்தான் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் ரைடரின் நிலைமைதான்: எந்தப் பக்கத்திலிருந்து யார் வருவார் என்று தெரியாது. யார்க்கரை அளக்கும் கோலால் பாஸை அளந்ததுதான் அன்று கேட்டவர் செய்த பிழை.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு திறமையும் உண்டு. ஒரு முழு ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது சில நிமிடங்கள்தான். மீதி நேரம் அவர் சும்மா ஓடுவதாகத் தோன்றும். நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களின் தலை அசைவைக் காணொளிகளில் ஆராய்ந்தார். பந்து வருவதற்கு முந்தைய நொடிகளில் யார் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்கிறார் என்று எண்ணினார். அதிகம் பார்த்துக்கொண்டவர்களே பந்தைச் சரியாகக் கொடுத்தார்கள். ஃபிராங்க் லாம்பார்ட் இதில் முன்னணியில் இருந்தார். தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் அந்தத் தலை அசைவு நமக்குத் தெரிவதில்லை. கபடியில் ஒளிக்க இடமில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றால் மூச்சுகூடக் கேட்கும்.

கபடி விஞ்சும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். ஏழு பேருக்கு நடுவே ஒருவர் தனியாகப் போகும் துணிச்சல் கால்பந்து வீரரிடம் யாரும் கேட்பதில்லை. அவர் மாட்டிக்கொண்டால் பின்னால் கொடுத்துவிடலாம். 2017 புரோ கபடியில் பாட்னா அணியின் பர்தீப் நர்வால் ஒரே ரைடில் எதிரில் நின்ற ஆறு பேரையும் தொட்டுத் திரும்பினார். அந்த சீசனில் அவர் எடுத்த ரைடு புள்ளிகள் 369. பிடித்த கையோடு இழுத்துக்கொண்டு, தலை குனிந்து கைகளுக்கு அடியில் புகுந்து வரும் அவருடைய ‘டுப்கி’க்குக் கால்பந்தில் ஈடு கிடையாது. உடம்பின் வலு, ஒற்றை நொடி முடிவு, தனியாளின் பொறுப்பு, இந்த மூன்றிலும் ரைடரே மேல்.

அப்படியானால் உலக அளவில் கால்பந்து வீரரை நான் ஏன் ஒரு படி மேலே வைக்கிறேன்? சல்லடையின் அளவுதான் காரணம். ஃபிஃபாவில் 211 உறுப்புச் சங்கங்கள் இருக்கின்றன. அத்தனை தேசத்துத் தெருக்களிலும் பிள்ளைகள் ஒரே ஆட்டத்தை ஆடி, சலித்துச் சலித்து மேலே வந்தவர்தான் அந்தக் கைபேசியில் தெரிந்தவர். கபடியில் 1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டு ஆண்கள் தங்கம் ஏழும் நமக்கே. 2018இல் மல்யுத்தத்தில் ஊறிய ஈரான் அரையிறுதியில் நம்மை 27–18 என்று வீழ்த்தியது. அந்தத் தோல்வியில் எனக்கு வருத்தம் இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது. போட்டி பெருகினால்தான் ஆட்டத்தின் திறமை கூடும்.

இதே சல்லடை நம் நாட்டுக் கால்பந்து வீரரைக் கீழே தள்ளுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. இந்தியாவின் தொழில்முறைக் கால்பந்து வீரர், இந்தியாவின் தொழில்முறைக் கபடி வீரருக்கு இன்று இணையல்ல. ஒரு காலத்தில் நிலைமை வேறு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக கோல் அடித்தவர் சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான். இருவரும் தமிழர்கள். இந்தச் சரிவுக்குப் பல காரணங்கள் உண்டு. எனக்கு முதன்மையாகப் படுவது, பந்து காலுக்கு வந்து சேரும் வயது. பிரேசிலில் நடை பழகும்போதே வருவது, நம் கிராமத்துப் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் வருகிறது. அதற்குள் கால் இறுகிவிடுகிறது.

ஆனால் பாலக்கோட்டிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் ஆறு வயதிலிருந்து சடுகுடு ஆடும் பிள்ளைகளுக்குப் பாதி வித்தை ஏற்கனவே தெரியும். எடையை மறைக்கத் தெரியும், எதிராளியின் இடுப்பைப் படிக்கத் தெரியும். அவர்களுக்கு இல்லாதது பந்து மட்டும்தான். நம் மாவட்டத்து உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கபடி ஆடி முடித்ததும், அதே களத்தில், அதே கோடுகளுக்குள், வாரத்துக்கு இரண்டு மாலை ஆளுக்கொரு பந்து கொடுத்து விடுங்கள்.