நோவில்லாத நோய்

மாப்பிள்ளையூரணியைச் சுற்றியுள்ள உப்பளங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர் என் பெரியப்பா. வெறுங்காலோடு உப்பு வாரியவர். நீரிழிவு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின், ஒருநாள் அவர் நடந்து போன திண்ணையில் இரத்தச் சுவடுகள் இருப்பதைப் பெரியம்மா கண்டார். குதிகாலில் ஒரு சிப்பிச் சில்லு ஆழமாக ஏறியிருந்தது. அது ஏறி எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. 'வலிக்கவே இல்லையே' என்றார். உறவினர் எல்லோரும் அவருடைய பொறுமையை வியந்தோம். உப்பில் நின்று உரமேறிய கால் என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டோம். எட்டு மாதங்களில் அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போயிற்று.

நாங்கள் பொறுமை என்று கொண்டாடியதுதான் நோயின் முதல் அடையாளம் என்பது எனக்கு வெகு காலத்திற்குப் பிறகே விளங்கியது. தமிழில் 'நோய்' என்ற சொல் 'நோ' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. நோவதுதான் நோய். குறளின் காமத்துப்பாலில் பிரிவுத் துயருக்கும் இதே சொல்தான். நோவில்லாத நோய் என்ற ஒன்றை நம் மொழி எண்ணிப் பார்க்கவில்லை போலும். நீரிழிவுக்காரரின் பாதப்புண் அத்தகையது. அதை மருத்துவ உலகம் புரிந்துகொண்ட கதையில் நம் மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பங்கு நீரிழிவு மருத்துவத்தின் வழியாக வரவில்லை. தொழுநோயாளர்களின் வழியாக வந்தது.

1922-இல் டொரண்டோவில் முதன்முதலாக இன்சுலின் மனிதருக்குச் செலுத்தப்படும் வரை, நீரிழிவு கடுமையாகத் தாக்கியவர்கள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்சுலின் ஆயுளைக் கொடுத்தது. அந்த ஆயுளின் நீளத்தில் நரம்புகள் மெல்ல மெல்லச் செத்தன. பாதத்தில் உணர்ச்சி போயிற்று, விரல்கள் கொக்கிபோல் மடங்கின, அடிப்பாதத்தில் காய்ப்பு ஏறி, அதனடியில் புண் குழிந்தது. சர்க்கரை ஊறிய சதை ஆறாது, அடைபட்ட குழாயில் இரத்தம் ஓடாது, ஆகவே காலை எடுப்பதே வழி என்பது அறுவை மருத்துவர் பலரின் முடிவாயிருந்தது. லண்டனில் ஃபிரெடரிக் டிரீவ்ஸ் 1884-இலேயே காய்ப்பைச் சீவி எடுத்து, காலுக்கு ஓய்வு கொடுத்தால் இவ்வகைப் புண் ஆறும் என்று எழுதியிருந்தார். அந்தப் பாடம் பரவலாக வேரூன்றவில்லை.

இப்போது செங்கல்பட்டுக்கு வருவோம். 1947-இல் அங்கே திருமணியிலிருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு, ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவரின் அழைப்பின் பேரில் ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் முந்தைய ஆண்டின் இறுதியில்தான் பணியில் சேர்ந்திருந்த பால் பிராண்ட் அவர். 1914-இல் கொல்லிமலையில், சமயப் பணியாளர்களின் மகனாகப் பிறந்து, மலைப்பாதைகளில் செருப்பில்லாமல் ஓடித் திரிந்தவர்.

தொழுநோயில் விரல்கள் அழுகித் தாமாகவே உதிர்கின்றன என்றே அன்று மருத்துவர்களும் நம்பினர். பிராண்ட் நம்பவில்லை. ஒருமுறை துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க அவரால் முடியவில்லை. தொழுநோயுள்ள சிறுவன் ஒருவன் சாவியை எளிதாகத் திருகிவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்ததை அவன் அறியவில்லை. இரவில் காணாமற்போன விரல்களை எலிகள் கடித்துச் சென்றன என்பதும் தெரியவந்தது. சதையில் குற்றமில்லை, வலி என்ற காவலாளி இல்லாமல் போனதே குற்றம்.

கால்களிலும் இதுவே நடந்தது. உணர்ச்சியுள்ளவன் ஓரிடத்தில் அழுத்தம் மிகும்போது தன்னையறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறான். உணர்ச்சியற்றவன் ஒரே இடத்தில் ஆயிரம் முறை மிதிக்கிறான். புண்ணின் மீதே நடந்து, அதை ஆறவிடாமல் செய்கிறான். இதற்கு மாற்றாக ஒரு முறை முன்னரே இருந்தது. 1930களில் கொழும்பில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் அடிப்பாதப் புண்ணுக்கு, காலோடு ஒட்டினாற்போல் மாவுக்கட்டுப் போட்டு அதனுடனேயே நடக்கவிட்டார். இந்தியாவில் ஜோசப் கான் 1939-இல் இதைப் பற்றி எழுதினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறிய நம்மவர் கரையிறங்கிய அதே கொழும்புதான். உடலின் எடை பாதம் முழுவதும் பரவ, புண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. 'ஆறவே ஆறாது' என்ற புண்கள் வாரக்கணக்கில் ஆறின. பிராண்டும் அவருடைய தோழர்களும் வேலூரிலும் கரிகிரியிலும் இம்முறையை விரிவாகக் கையாண்டனர். தசைநாண்களை இடம்மாற்றித் தொங்கிப்போன பாதங்களை நிமிர்த்தினர். நுண்துளை ரப்பரில் மிருதுவான செருப்புகள் செய்தனர்.

பிராண்டுக்கு ஓர் அச்ச அனுபவமும் உண்டு. நீண்ட பயணத்திற்குப் பின் லண்டனில் ஓர் இரவு தம் குதிகாலில் உணர்ச்சியில்லை என்று கண்டு ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தொழுநோய் தமக்கும் வந்துவிட்டது என்றெண்ணி இரவெல்லாம் விழித்திருந்தார். காலையில் மீண்டும் குத்தியபோது சுரீரென்று வலித்தது. அந்த வலிக்காக அவர் இறைவனுக்கு நன்றி சொன்னார்.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கேதான் இரு கதைகளும் சந்தித்தன. நீரிழிவுக்காரரின் பாதமும் தான் இந்தியாவில் கண்ட பாதமும் ஒன்றே என்பதை அவர் உணர்ந்தார். சாய நுண்குமிழிகள் பதித்த காலுறைகளை அணிவித்து நடக்கவிட்டு, குமிழி உடைந்த இடங்களைக் கொண்டு அழுத்தம் எங்கே என்று காட்டினார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களின் கால்கள் கற்பித்த பாடம், உலகின் நீரிழிவு மருத்துவமனைகளுக்கு இவ்வழியாகச் சென்றது.

இன்றைய அறுவை சிகிச்சையின் முறை இதன்மேல் எழுந்ததே. முதலில் காலுக்கு இரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். அடைப்பிருந்தால் குழாயை விரித்தோ மாற்றுவழி அமைத்தோ சீராக்குகிறார்கள். சீழை வடித்து, காய்ப்பையும் செத்த சதையையும் கெட்ட எலும்பையும் மட்டும் நீக்குகிறார்கள். மடங்கிய விரலின் தசைநாணை வெட்டியோ, குதிகால் நாணை நீட்டியோ அழுத்தத்தையே இடம் மாற்றுகிறார்கள். காலை எடுப்பது கடைசி வழி. சென்னையில் எம். விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை பாதப் பராமரிப்பில் பெயர் பெற்றது. 2023-இல் வெளியான தேசிய ஆய்வொன்று இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு என்கிறது.

பெரியப்பாவின் மற்றக் காலைக் காக்க, கருப்பு நிறத்தில் பின்வாரோடு கூடிய மெத்தென்ற செருப்பொன்றை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அவர் அதைப் போட மறுத்துவிட்டார். 'இது பெருவியாதிக்காரன் செருப்பு. இதைப் போட்டுக்கொண்டு தெருவில் எப்படிப் போவது?' என்பது அவர் கேள்வி. அந்தச் செருப்பின் வரலாறு அவர் சொன்னதுதான். யார் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது என்று விலக்கி வைத்தோமோ, அவர்கள் தங்கள் விரல்களை இழந்து தேடித் தந்த அறிவு அது. அதைக் காலில் அணிய எங்களுக்குக் கூச்சமாயிருந்தது. ஓராண்டில் அந்தக் காலிலும் புண் வந்தது.

இப்போது எனக்கும் சர்க்கரை உண்டு. இரவு படுக்கும் முன் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். அந்தக் கருப்புச் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறேன். கல்லில் இடித்துக்கொண்டு வலித்தால், சற்று நின்று, வலிக்கிறதே என்று மகிழ்கிறேன்.