வாப்பா ஏன் ஸ்கூட்டரைச் சாய்த்தார்?

எங்கள் வாப்பாமார் காலையில் பஜாஜ் சேட்டக்கை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்திவிட்டுத்தான் கிக்கரை உதைப்பார்கள். அது வெறும் பழக்கதோஷம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் விஷயம் காபரேட்டரில் உள்ள சின்னப் பெற்றோல் கிண்ணத்தில் இருந்தது.

சேட்டக்கின் பூர்வீகம் இத்தாலி. விமானப் பொறியியலாளர் கொராடினோ டஸ்கானியோ வடிவமைத்த வெஸ்பா 1946 இல் வந்தது. சங்கிலியும் வேண்டாம், உடுப்பில் எண்ணெயும் படக்கூடாது என்று எஞ்சினைப் பின்சில்லோடு வலப்பக்கம் சேர்த்தார். அந்த வழியில் 1972 இல் வந்த சேட்டக்கில், காபரேட்டர் எஞ்சினுக்கு மேலே ஒரு பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். கிண்ணம் பக்கவாட்டில், மூடி மேலே. பெற்றோல் நிறைய நிறைய மிதவை எழும்பி, ஊசி வழியை அடைக்கும்.

இது எண்ணெய் கலந்த பெற்றோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக். நின்றால் பெற்றோல் ஆவியாகும், எண்ணெய் கிண்ணத்தில் தங்கும். சாய்த்தால் மிதவை அசைந்து புதுப் பெற்றோல் இறங்கும் என்பது பாஸ்மார் சொல்லும் விளக்கம். எங்களுக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

1958 இல் தொடங்கிய ஹோண்டா கப் வம்சத்தின் சி50, சி90 வேறு மாதிரி. (அதை ஸ்கூட்டர் என்பதா என்று சண்டைக்கு வராதீர்கள்!) அதில் கிண்ணம் காபரேட்டரின் அடியில் தொங்கும். கீழே ஒரு திருகாணி. அதைத் தளர்த்தினால் ஊத்தை, தண்ணீர் எல்லாம் வெளியே வந்துவிடும். ஊசி தேய்ந்தால் மிஞ்சும் பெற்றோல் குழாய் வழியே நிலத்தில் சொட்டும்.

இந்த வித்தியாசத்தின் விலை 2022 இல் தெரிந்தது. வரிசையில் காய்ந்து வாங்கிய பெற்றோல். இரவு டெப்பை மூட மறந்துவிட்டோம். காலையில் நிலத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை, டாங்கியில் மட்டும் பாதியைக் காணவில்லை. பிளக்கைக் கழற்றினால் நனைந்து கிடக்கிறது. தேய்ந்த ஊசி விட்ட பெற்றோல் காபரேட்டர் வழியே எஞ்சினுக்குள்ளேயே இறங்கியிருந்தது. ஹோண்டா என்றால் சிமெந்துத் தரையே காட்டிக் கொடுத்திருக்கும்.

ஆனாலும் மேல்மூடிக்கும் ஒரு நன்மை உண்டு. திறந்தால் பெற்றோல் கொட்டாது, அடியில் கிடக்கும் ஊத்தையை அப்படியே பார்க்கலாம். சுத்தம் செய்ய ஹோண்டா, பார்த்துப் படிக்கச் சேட்டக்.

வாப்பா பள்ளிவாசல் முடக்கிலேயே டெப்பை மூடிவிடுவார். கிண்ணத்தில் மிஞ்சியது வீடு வரை போதும். அந்த ஊசியை மாற்றிய பிறகும் நாங்கள் முடக்கிலேயே மூடுகிறோம். இரண்டு நாள் கேற்றுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது, தள்ளித்தான் வந்தோம்.